கண்ணாடிக்கடைக்காரருக்கு எல்லாம் அத்துப்படி

தட்டு தட்டாக வந்து இறங்கியது எல்லாமே பச்சையாக இருந்தது.

காளான் வேகவில்லை. கீரை வதங்கவில்லை. முட்டைக்கோஸ் விறைப்பாக நின்றது. நடுவில் ஒரு கட்டு சேமியா, பொட்டலம் பிரித்த கையோடு அப்படியே கொண்டுவந்து வைத்தது போலக் கிடந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தட்டுகளைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டரும் அவர் மனைவியும் கண்ணாடிக்கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்க மாட்டார்களா பின்னே? போன வாரம் போனில் வாயை விட்டது இவர்தானே!

"பசங்க ரெண்டு பேருக்கும் இந்த ஏஷியன் சாப்பாடுன்னா உயிராம். அந்த ஓட்டல்லயே சந்திக்கலாங்கறாங்க. நமக்கு அதெல்லாம் பழக்கமில்லையே" என்று பல் டாக்டர் இழுத்தபோது, "கவலையே படாதீங்க, எனக்கு அத்துப்படி! கடைக்குக் கண்ணாடி பிரேம் வாங்க வெளிநாடு போனப்பல்லாம் மூணு வேளையும் அதான். நான் செய்யறதைப் பாத்து நீங்க செய்யுங்க, போதும்" என்று அடித்துவிட்டார். போனது ஒரே ஒரு தடவை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கண்காட்சிக்கு. அங்கேயும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுவிட்டுத் திரும்பியவர் அவர். வாய்க்கு என்ன, வாடகையா?

விவரம் தெரிந்த மகளும் அவள் கட்டிக்கொள்ளப் போகிற பல் டாக்டர் வீட்டுப் பையனும் இன்னும் வந்து சேரவில்லை. போன்தான் வந்தது.

"அப்பா, டிராஃபிக்ல மாட்டிக்கிட்டோம். ஆர்டர் குடுத்தாச்சு, நீங்க ஆரம்பிங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிக் கேளுங்க. அவங்க அப்பா இன்னைக்குத்தான் முடிவு சொல்லப் போறார். பந்தா பண்றவங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ப்ளீஸ்ப்பா!"

"நான் எங்கம்மா பந்தா பண்றேன்?" என்று இவர் கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

பரிமாறும் பெண் ஒரு அகலப் பாத்திரத்தைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். உள்ளே வெதுவெதுவென்று தெளிந்த தண்ணீர். நாலு துண்டு இஞ்சி, கொஞ்சம் வெங்காயத்தாள் மிதந்தன.

"சார், இதை எப்படின்னா..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா, தெரியும். நாங்க பாத்துக்கறோம்."

அவள் பல் டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் சட்டென்று மெனு அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

இப்போது எல்லாக் கண்களும் பாத்திரத்தின் மேல். கண்ணாடிக்கடைக்காரர் யோசித்தார். சாப்பாட்டுக்கு முன்னால் வெதுவெதுப்பான தண்ணீர். வேறு எதற்கு வைப்பார்கள்? சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கைகளையும் உள்ளே விட்டார்.

"என்னங்க, இஞ்சி மிதக்குதே" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி கிசுகிசுத்தாள்.

"அது வாசனைக்கு. பெரிய ஓட்டல்ல எலுமிச்சம்பழம் போடறதில்லையா? சும்மா கையைக் கழுவு."

பல் டாக்டர் மெனு அட்டையைக் கீழே வைத்தார். "கை... கழுவணுங்களா?"

"முதல்ல அதான் மரியாதை!"

பல் டாக்டர் பாத்திரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு இருவரும் வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகளை உள்ளே விட்டார்கள். தொழில் பழக்கமோ என்னவோ, பல் டாக்டர் விரலிடுக்கு, நகக்கண் என்று ஒன்றுவிடாமல் தேய்த்துக் கழுவினார்.

அடுத்து காளான். கண்ணாடிக்கடைக்காரர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மண்ணாங்கட்டி போல இருந்தது. "நல்லா மென்னு சாப்பிடணும். அதுலதான் சத்து" என்றார். மூன்று பேரும் மென்றார்கள். கீரையை மென்றார்கள். கொட்டிலில் மாடுகள் அசைபோடுவது போல நாலு தாடைகளும் அசைந்தன.

மனைவி தொடையில் கிள்ளினாள். "வேக வெக்க மறந்துட்டாங்களோ? கேளுங்களேன்."

"கேட்டா இவனுக்குத் தெரியாதுன்னு நினைக்க மாட்டாங்களா? நீ சும்மா இரு."

பேச்சை மாற்ற சேமியாவைக் கையில் எடுத்தார். "இது நொறுக்குத் தீனி. முறுக்கு மாதிரி கடிக்கணும்." ஒரு கொத்தை ஒடித்துப் பல் டாக்டரிடம் மரியாதையாக நீட்டினார். அவர் தயங்கினார், வாங்கினார், கடித்தார்.

டக்கென்று ஒரு சத்தம்.

பல் டாக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். வாயிலிருந்து எதையோ எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"ஐயையோ, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. பல்லு மேல போட்டிருந்த பழைய கேப். நாளைக்கு நானே போட்டுக்குவேன். நீங்க சாப்பிடுங்க."

கண்ணாடிக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. சம்பந்தி ஆகப் போகிறவரின் பல்லைக் கழற்றியாயிற்று. இதை மறக்கடிக்க ஏதாவது செய்தாக வேண்டும். சின்னக் கிண்ணத்தில் சிவப்பாக ஒரு விழுது இருந்தது. "இது இனிப்பா இருக்கும், வாய்க்கு இதமா" என்று ஒரு கரண்டி அள்ளி விழுங்கினார்.

காதிலிருந்து புகை வராத குறை. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. ஆனால் அதற்குள் மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு கரண்டி போட்டுவிட்டார்கள். நாலு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் இங்கே ஏதோ துக்கம் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பரிமாறும் பெண் ஓடிவந்து குடிக்கத் தண்ணீர் வைத்தாள். போகிற போக்கில் மேசை விளிம்பில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். "அடுப்பைப் போடவே இல்லையே சார்!"

அடுப்பா?

கை கழுவிய தண்ணீர் மெல்லக் குமிழி விட்டது. பிறகு தளதளவென்று கொதித்தது. கண்ணாடிக்கடைக்காரர் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இதே மாதிரிப் பாத்திரத்தில் இதே காளானையும் இதே சேமியாவையும் போட்டு வேக வைத்து, அந்தத் தண்ணீரையே சூப்பாகக் கிண்ணத்தில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம் அவர் வாழ்நாளில் பட்டதில்லை. முகம் சுட்டது. பல் டாக்டரை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கல்யாணம் போச்சு, மகள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று மனசு அடித்துக்கொண்டது. எப்படியாவது பாத்திரத்தை மாற்றிவிடலாம் என்று அந்தப் பெண்ணைத் தேடிக் கழுத்தை நீட்டினார். வாசலில் மகளும் பையனும் வந்துகொண்டிருந்தார்கள்.

"சாரி, சாரி! செம பசி" என்று பையன் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் மீதியிருந்த கீரை, காளான் எல்லாவற்றையும் பாத்திரத்தில் தள்ளினான். இரண்டு கிண்ணம் சூப் ஊற்றி, ஒன்றை இவர் மகளிடம் நகர்த்திவிட்டு ஒன்றைத் தானே குடித்தான்.

"தம்பி..." என்று கண்ணாடிக்கடைக்காரர் கையை நீட்டினார்.

"சூப்பர் அங்கிள்! நல்ல இடமாத்தான் சொல்லியிருக்கோம்." இன்னொரு மடக்கு குடித்தான். "ஏதோ பழகின வாசனை மாதிரி இருக்கு. எங்க வீட்டு வாசனை."

அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இவர் மகள் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனாள்.

"குடிக்காதேம்மா!" கண்ணாடிக்கடைக்காரர் எட்டிக் கிண்ணத்தைப் பிடுங்கினார். பாதி அவர் மடியிலேயே கொட்டியது. "அது நாங்க கை கழுவின தண்ணி."

பையன் மூன்றாவது மடக்கோடு அப்படியே உறைந்துபோனான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "இந்தச் சாப்பாட்டைக் கண்ணால பாக்கறதே இன்னைக்குத்தான். சம்பந்தி முன்னாடி கெத்தா இருக்கணும்னு புளுகிட்டேன். டாக்டர், உங்க கையைச் சூப்புல விட வெச்சேன், பச்சையாத் தின்ன வெச்சேன், பல்லு வேற போச்சு. வெக்கமா இருக்குங்க. என்மேல இருக்கற கோபத்தைப் பிள்ளைங்க மேல மட்டும் காட்டிடாதீங்க."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பல் டாக்டர் காதுமடல் வரை சிவந்துபோயிருந்தார். அவர் ஏன் சிவக்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

அதற்குள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பரிமாறும் பெண் புதுப் பாத்திரத்தோடு வந்துவிட்டாள். பழையதைத் தூக்கிக்கொண்டே பல் டாக்டரிடம் ஆற்றாமையோடு கேட்டாள்:

"என்ன சார், சம்பந்தி முன்னாடி மானம் போயிடக் கூடாதுன்னு வாரம் பூரா நீங்களும் அம்மாவும் தினம் வந்து எங்கிட்டக் கத்துக்கிட்டீங்க, நேத்துகூட அவ்வளவு அழகா வேக வெச்சு சாப்பிட்டீங்க, இன்னைக்கு அவர் கையை விட்டார்னா நீங்களுமா விடறது?"