மூலக்குளம் லைனில் இருக்கிறது

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளில் போன் பேச்சு நலத்தில் தொடங்கி நலத்திலேயே முடிந்துவிடும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அங்க குளிரா. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரு "ம்". பிரபு, "சரிம்மா, வைக்கட்டா?" என்பான். "வை வை, எனக்கும் வேலை கெடக்கு" என்பேன். (என்ன வேலை? நர்ஸ் உத்தியோகமும் முடிந்து, கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு, மூலக்குளத்து வீட்டில் எனக்கிருந்த ஒரே வேலை அடுத்த போனுக்குக் காத்திருப்பதுதான்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பேச்சுவாக்கில், "நேத்து ஃப்ரெண்ட்ஸோட மேட்ச் பாத்தம்மா" என்றான். குரலே மாறியது. மாத்திரையைப் பற்றிக் கேட்கும்போது அந்தக் குரல் வந்ததில்லை. அன்றே முடிவு செய்தேன், அவனுடைய ஊர் டீம்களையெல்லாம் படித்துவிடுவது என்று. என் கணவர் பெத்தாங் என்கிற பிரெஞ்சுக் குண்டு விளையாட்டு ஆடுவார். யாருடைய இரும்புக் குண்டு இலக்குக்குக் கிட்டே நின்றது என்று நாலு பெரிய மனிதர்கள் டேப் வைத்து அளந்து சண்டை போட்டதைப் பார்த்து, விளையாட்டென்றாலே தலையில் அடித்துக்கொண்டவள் நான். பிள்ளைக்காக மனுஷி எதைத்தான் செய்யமாட்டாள்.

அவன் ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன், அதற்குக் காரணம் பின்னால் தெரியும். நான் படிக்க உட்கார்ந்தது மார்ச் மாதம். ஐஸ் ஹாக்கி டீம் ஏற்கெனவே வெளியேறியிருந்தது. கூடைப்பந்து டீம் வெளியேறிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது அப்போதுதான் தொடங்கிய பேஸ்பால். சீசன் தொடக்கத்தில் எல்லா டீமும் கோப்பை வாங்கப்போகிற டீம்தான், மாதத் தொடக்கத்தில் எல்லோரும் பணக்காரர்களாக இருப்பதுபோல. பிரபுவிடம் பாஸ்வேர்ட் வாங்கி, பழைய லேப்டாப்பில் விடிகாலையில் பார்க்கத் தொடங்கினேன். அவர்களுக்கு ராத்திரி ஆட்டம், எனக்குக் காபி நேரம்.

அந்தச் சனிக்கிழமை காலை, அங்கே வெள்ளி இரவு, நம் டீமின் (ஆமாம், அதற்குள் நம் டீம்) ஓர் ஒல்லிப் பையன் பந்து எறிந்துகொண்டிருந்தான். ஒன்பது ரவுண்டு ஆட்டத்தில் எட்டு முடிந்துவிட்டது, எதிரணியில் ஒருவன்கூட அவன் பந்தை உருப்படியாக அடித்து ஓடவில்லை. இப்படியே முடித்தால் அது அபூர்வம், சரித்திரத்தில் எழுதுவார்கள் என்று படித்திருந்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாயிறு வரை எப்படிப் பொறுப்பது? வீடியோ கால் போட்டேன்.

பிரபு பதறி எடுத்தான். "என்னம்மா, ஒடம்புக்கு எதாச்சுமா?"

"எனக்கென்னடா. மேட்ச் பாக்குறேன். ஒரு அடிகூட குடுக்கல பாத்தியா அந்தப் புள்ள. இன்னும் மூணே பேரு. முடிச்சுடுவான்."

அவன் பின்னால் சோபாவில் மருமகள் நிவேதாவும் நாலைந்து நண்பர்களும். ஒருவரும் அசையவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பையன் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அம்மா, அத சொல்லக் கூடாதும்மா."

"எத?"

"அதத்தான்."

நான் விளக்கம் கேட்பதற்குள் அந்த அறையே ஐயோவென்று அலறியது. "ஏன்டா எல்லாரும் தலையில கை வைக்கிறீங்க? இங்க இன்னும் பந்தே போடலயே" என்றேன். என் லேப்டாப்பில் ஆட்டம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். நான் செய்த காரியத்தை அவர்கள் முகத்தில் முதலில் பார்த்தேன், பிறகு திரையில் பார்த்தேன். முதல் ஆள் அடித்து ஓடினான். அடுத்தவன் பந்தைக் கூட்டத்துக்குள்ளேயே அனுப்பினான். பிறகு ஆடவந்த நம்மவர்களும் ஒன்றும் கிழிக்கவில்லை. தோல்வி.

நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி வாயே திறக்கக்கூடாதாம். கூட ஆடுபவர்கள் அந்தப் பையன் பக்கத்தில்கூட உட்காரமாட்டார்களாம். இது யாருக்குத் தெரியவில்லை? புது ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியவளுக்கு. பிரபுவின் கன்னத்தில் ஒன்றாம் வகுப்பு வரை மை வைத்து அனுப்பியவளுக்கு. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது என்று சொன்ன ஒருத்தியைத் தெருவே கேட்கத் திட்டியவளுக்கு.

அத்தோடு போனை வைத்திருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். கண் பட்டதற்குப் பரிகாரம் எனக்குத் தெரியுமே. கல் உப்பும் காய்ந்த மிளகாயும் அள்ளி, போனுக்கு மூன்று சுற்று சுற்றினேன். அந்தப் பக்கம் தெரிந்தது ஓர் இறுகிய முஷ்டி மட்டும்தானாம். "உங்க அம்மா நம்மள அடிக்க வராங்களா?" என்று தொப்பிக்காரப் பையன் கேட்டானென்று நிவேதா பிற்பாடு சொன்னாள். மிளகாயை அடுப்பில் போட்டேன். நெடி கிளம்பி, இருமல் பிடித்து, கண்ணில் நீர் கொட்டியது. "அம்மா, போன வைம்மா" என்றான் பிரபு. நான் வைக்கவில்லை. அவனே வைத்தான்.

பக்கத்து வீட்டு பாத்திமா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "என்னாக்கா இது நெடி? யாருக்குச் சுத்துனீங்க?"

"பேஸ்பால் டீமுக்கு."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நர்ஸாக ஊர்க்காரர்கள் நெற்றியையெல்லாம் தொட்டுப் பார்த்தவள் நான், என் நெற்றியைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அவள் போன பிறகு, மிளகாய் நெடியின் பேரைச் சொல்லிக்கொண்டு கொஞ்சநேரம் அழுதேன். ஐந்து நிமிடம் அதிகம் பேச ஆசைப்பட்டு, இருந்ததையும் கெடுத்துக்கொண்டேனே என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. சில நாள் கழித்து ஒரு விடிகாலையில் வந்தது.

"இன்னைக்கு அதே பையன்தாம்மா போடறான். நீ லைன்லயே இரு."

"நான் எதுக்குடா? நான்தான் தரித்திரம் புடிச்சவளாச்சே."

"அதுக்குத்தான். நீ அங்க யார்கிட்ட என்னா சொல்லிடுவியோன்னு இவங்களுக்குப் பயம். கண்ணு முன்னாடி வாய மூடிக்கிட்டு ஒக்காரு."

உட்கார்ந்தேன். டீம் ஜெயித்துத் தொலைத்தது. அதோடு அது சட்டமாகிவிட்டது. அந்தப் பையன் எறியும் நாளெல்லாம் என்னை ஒரு பூச்சாடிமேல் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகுதான் நான் பேசலாம். இந்தக் கதை பரவி, இப்போது எங்கள் சொந்தத்தில் யாராவது அபசகுனமாக வாயெடுத்தால், "ஷ்ஷ், மூலக்குளம் லைன்ல இருக்கு" என்று அடக்குகிறார்கள். போன மாதம் கருவடிக்குப்பத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில், நான் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்கள்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன். அவர்கள் பீட்சா தின்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். நிவேதா பிரபுவின் தட்டிலிருந்து எடுத்துத் தின்கிறாள். இதையெல்லாம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இந்த சீசனில் ஒருநாள் ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். போனை அணைக்க மறந்து, பிரபு சோபாவிலேயே தூங்கிப்போனான். சின்ன வயதில் போலவே வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, சட்டப்படி நான் பேசலாம். கூப்பிட்டிருந்தால் எழுந்து, சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு வைத்திருப்பான். சார்ஜ் தீரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.