கோஸ்தான் மாமாவும் அதிபரின் வாபஸும்

பிள்ளைகளே, சிங்கப்பூரில் எஸ்கலேட்டரைக்கூடச் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் கோஸ்தான் மாமாதான். முன்பின் தெரியாத ஒருவரை முதலில் ஏறவிடுவார். அந்த ஆள் பத்திரமாக மேலே போய்ச் சேர்வதைக் கீழே நின்று பார்ப்பார். பிறகு பக்கத்துப் படிக்கட்டில் நடந்து போவார்.

கோஸ்தான் என்றால் வண்டியைப் பின்னால் எடுப்பது. கப்பலைப் பின்னால் செலுத்த வெள்ளைக்காரன் போட்ட 'கோ அஸ்டர்ன்' கட்டளை, செம்பவாங் கப்பல் பட்டறையில் கரையேறி லாரிக்கு வந்துவிட்டது என்பார் மாமா. நான் காய்கறி லாரி ஓட்டுகிறவன். லிட்டில் இந்தியாவின் குறுகிய பின்சந்துகளில் என் லாரிக்குப் பின்னால் நின்று, "கோஸ்தான்... கோஸ்தான்... போதும் லா!" என்று கத்துவது அவர் வேலை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் கேமரா வைத்த புது லாரி வந்தது.

"மாமா, இனிமே பின்னால இருக்கிறதெல்லாம் இதுலயே தெரியும்" என்றேன்.

"அது யாரோட கேமரா?"

"லாரியோடதுதான்."

"அப்போ அது லாரிக்குத்தான் சாதகமாப் பேசும். நீ என்னையே கேளு."

டேக்கா சந்தையில் ரீத்தா அக்காவின் தண்ணீர்க் கடையில்தான் எங்கள் காலைத் தேநீர். மாமாவுக்கு எப்போதும் தே ஓ, அதாவது பால் சேர்க்காதது. "பால் ஊத்திட்டா அடியில என்ன கிடக்குதுன்னு தெரியாது லா" என்பார். அக்கா முறைப்பார். தினமும் நடப்பதுதான்.

அந்தக் கடையின் டிவியில்தான் ஒரு காலை அந்தச் செய்தி வந்தது. தூரத்தில் ஒரு நாடு. அங்கே இன்னொரு பெரிய நாடு படையோடு போய் வருடக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பெயர்கள் வேண்டாம், சொன்னால் உங்கள் டீச்சர் கட்டுரை எழுதச் சொல்வார். அந்தப் போர் பெரிய நாட்டு மக்களுக்கே பிடிக்கவில்லை. அதனால் அந்த நாட்டின் அதிபர் கோட்டுப் போட்டு வந்து, நாம் வெற்றி பெற்றுவிட்டோம், படைகள் படிப்படியாக வாபஸ் என்று அறிவித்தார்.

ரீத்தா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய தம்பி டொமினிக் அந்தப் படையின் ஒரு முகாமில் சமையல்காரன். ஏஜெண்டு பேச்சைக் கேட்டுப் போனவன்.

"தம்பி வந்துடுவான் மாமா!"

மாமா டிவியை ஒரு கண்ணால் பார்த்தார். "ஜெயிச்சவன் எதுக்கும்மா வெளிய வரான்? அதுவும் படிப்படியாவாம். ஏறுறதுக்கும் அதே படி, இறங்குறதுக்கும் அதே படி. எந்தப் பக்கம் போறான்னு சொன்னானா?"

"நல்ல வார்த்தையே உங்க வாயில வராதா?"

"இன்னொண்ணு. படைகள் வாபஸ்னுதான் சொன்னான். சமையல்காரன் படையில சேர்த்தியா?"

அக்காவின் கையிலிருந்த கரண்டி மேசையில் விழுந்தது. "இனிமே உங்களுக்கு என் கடையில தே கிடையாது. எழுந்திரிங்க!"

எழுந்தார். ஆனால் மறுநாளும் வந்தார். தே கேட்கவில்லை. "இன்னைக்கு முகாம்ல அரிசி எவ்வளவு வேகுதாம்?" என்று மட்டும் கேட்டார். அதிபர் பொய் சொல்லலாம், அரிசிமூட்டை சொல்லாதாம். ஆள் குறைந்தால் சோறு குறைய வேண்டுமாம். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் அன்று போனில் தம்பியிடம் அதைத்தான் முதலில் கேட்டார்.

அரிசி கூடியிருந்தது!

"பார்த்தியா! வாயி கோஸ்தான், டயரு முன்னால!" என்று மாமா துள்ளினார். அக்கா அழுதுவிட்டார். ஆனால் இந்தத் தடவை மாமாவின் கணக்குத் தப்பு. வெளியேறப்போகிற சிப்பாய்களை எல்லா முகாமிலிருந்தும் அங்கேதான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அது தெரிந்ததும் சந்தை முழுவதும் அவரைக் கேலி செய்தது. மீன்காரர் தினமும், "மாமா, அரிசி என்ன சொல்லுது?" என்று கேட்டார். மாமா அந்த மீனையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருநாள் டொமினிக்கே போன் செய்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நாளைக்கு எல்லாரும் கிளம்புறாங்க. சமையல்கட்டு ஆளுங்களைக் கடைசி லாரியில ஏத்துறோம்னு சொல்றாங்க."

மாமா போனைப் பிடுங்கினார். "டேய், கடைசி லாரி எதுன்னு அது போனப்புறம்தானடா தெரியும்! சமையல்கட்டுக்கு லாரி எப்படி வருது?"

"மூக்கை உள்ள விட்டு வரும் மாமா. திரும்ப இடமில்ல."

"அப்போ வெளிய போகக் கோஸ்தான்தானே அடிக்கணும்! முன்னால நின்னு கெஞ்சாதே. முன்னால இருக்கிறவனை விட்டுட்டுப் போறதுக்குப் பேருதான் வாபஸ். இஞ்சின் போடுறதுக்கு முன்னாடியே எல்லாரும் பின்னால போய் நில்லுங்க. டிரைவர் பக்கக் கண்ணாடியில உங்க மூஞ்சி தெரியணும்."

பிள்ளைகளே, நீங்கள் ஒருநாளும் எந்த வண்டிக்குப் பின்னாலும் நிற்கக் கூடாது. அப்பா கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டிவியில் அதிபர் கையசைத்தார், கடைசி வீரனும் வெளியேறிவிட்டதாகச் சொன்னார். மாமா கடைக்கு எதிரே தூணோரம் நின்றார். அவர் எதையுமே சந்தேகப்படாமல் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு டொமினிக் வந்தான். மெலிந்து, தாடியோடு, நேராகக் கடைக்கே வந்தான்.

"லாரி எங்களை ஏத்தாமலேயே கிளம்பப் பாத்துச்சு அக்கா. நாங்க அத்தனை பேரும் பின்னாலதான் நின்னோம். டிரைவர் ஹாரன் அடிச்சான், திட்டினான். கண்ணாடியில எங்க மூஞ்சியைப் பாத்துட்டு அவனால எடுக்க முடியல. கடைசியில இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டான்."

மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ டொமினிக்தானா? தாடியில ஒண்ணும் தெரியல லா."

அக்கா ஒரு தே கலக்கி அவர் முன்னால் வைத்தார். மற்றவர்களுக்கு ஊற்றுகிற பழக்க தோஷத்தில் பால் ஊற்றிவிட்டார். மாமா அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமலேயே குடித்தார்.

இப்போது மாமா வேலையை விட்டுவிட்டு சுவா சூ காங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே லிஃப்டைச் சந்தேகப்படுகிறாராம். என் லாரியின் கேமராவில் பின்சந்து பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் பின்னால் எடுப்பதற்கு முன் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தக் குரல் கேட்குமா என்று ஒரு கணம் காத்திருக்கிறேன்.