பனி உடைவதற்குள் ஒரு தேதி

தொலைபேசியின் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"பிப்ரவரி பதினெட்டு, நிவியாக்! சூரியன் திரும்பியாச்சு. நாய்வண்டியில மூணு நாள் போயிட்டு வரலாம். உனக்குச் சரியா?" என்று பவியா கத்தினான். கத்தினால்தான் வளைகுடாவுக்கு அப்பால் கேட்கும் என்பது அவன் கொள்கை.

மீண்டும் மூச்சு. சற்று முன்புவரை "நாய்ங்க சௌக்கியமா? மீன் மாட்டுதா?" என்று அருவியாய்க் கொட்டிய குரல், தேதி என்றதும் உறைந்துவிட்டது.

பவியா முந்திக்கொண்டான். "சரி சரி, அந்தத் தேதி வேண்டாம்! மார்ச்சுல பாத்துக்குவோம்!" என்று, தானே கேட்டதைத் தானே மறுத்து ரிசீவரை வைத்தான்.

வடதுருவத்தை ஒட்டிய சாத்துத் ஊருக்குத் தொலைபேசி வந்து ஆறே மாதம். இருந்தது ஒன்று; அதுவும் ஹென்ட்ரிக்கின் கடையில். அங்கே பேசப்பட்ட இரகசியம் அடுத்த கணமே அரசாங்க அறிவிப்பு. முப்பத்தெட்டு வயதும் பதினோரு நாய்களும் உடைய பவியா, உறைந்த வளைகுடாவின் மறுகரையிலுள்ள இக்கெராசாக் ஊரின் நிவியாக்கை வண்டியில் ஏற்றிப்போய், பனிமேல் கூடாரமடித்து, 'என்னை மணப்பாயா?' என்று கேட்கப் போவது தனக்கு மட்டுமே தெரியும் என்று நம்பினான். ஊரின் நாய்க்குட்டிகளுக்கும் அது தெரிந்திருந்தது. முதல் கப்பல் வந்ததும் நிவியாக் தெற்கே வேலைக்குப் போய்விடுவாள் என்பதும் தெரிந்திருந்தது. பனி இருக்கும்வரைதான் வண்டி. வண்டி ஓடும்வரைதான் வாழ்வு!

"காப்பி?" என்றார் ஹென்ட்ரிக். பவியா புருவத்தை உயர்த்தினான். கோப்பை நிரம்பியது.

"பதிலே சொல்லலைண்ணே."

"எப்படிடா மாப்ளே சொல்லுவா? பிப்ரவரிக் குளிருல மூக்கு நுனி கழண்டு விழும். மார்ச்சுன்னா ஓடி வருவா."

மார்ச் வந்தது.

"மார்ச் பத்து! பனி கல்லு மாதிரி இருக்கு. வெளிச்சமும் நிறைய. உனக்குச் சரியா?"

மூச்சு. அதன் இறுதியில் மெல்லிய சிரிப்பு. பவியா நெருப்பைத் தொட்டவன்போல் ரிசீவரைப் போட்டான்.

"சிரிக்கிறாண்ணே!"

"உன் வண்டியை நெனச்சிருப்பா. அது வண்டியா? சக்கரமில்லாத சவப்பெட்டி!"

அன்று மாலையே பவியா வண்டியைப் பலகை பலகையாகக் கழற்றினான். புது வண்டி எழும்ப மூன்று வாரம் ஆயிற்று. மூன்று வாரம் ஓடாமல் கட்டிக்கிடந்த நாய்களில், முன்னோடியான பூசி சங்கிலியை அறுத்துக்கொண்டு ஹென்ட்ரிக்கின் ஒற்றைக்கண் நாயோடு கூடிக் குலவிவிட்டு வந்தாள். யாரிடமும் தேதி கேட்காமலே காரியத்தை முடித்த பெருமிதம் அவள் நடையில் தெரிந்தது.

"ஏப்ரல் ஆறு, நிவியாக்! புது வண்டி! உனக்குச் சரியா?"

மூச்சு.

வரிசையில் நின்ற தையற்காரி சோபீ தலையிலடித்துக்கொண்டாள். "வண்டி புதுசு, மேல விரிக்கிற தோலு? முடி கொட்டி, மீன் நாத்தம் அடிக்குது. ராணி மாதிரி பொண்ணு அதுலயா உக்காருவா? குடுடா, நான் புதுசா தச்சுத் தர்றேன்."

கலைமான் தோலைத் தைக்க மாதம் ஒன்று கரைந்தது. "முடிஞ்சுதாக்கா?" என்று பவியா போய் நின்றபோது, பல்லிடுக்கில் ஊசியோடு சோபீ மூக்கைச் சுருக்கினாள். திரும்பிப் போனான். மறுவாரம் புருவத்தை உயர்த்தினாள். தோலை வாங்கிக்கொண்டான். அந்த வாரந்தான் பூசி ஆறு குட்டிகளை ஈன்று, இனி எந்த வண்டிக்கும் வருவதில்லை என்று கொட்டகையில் படுத்துவிட்டாள். அவளுக்குப் பதிலாக முன்னால் கட்டிய இளநாய்க்கு 'வலம்' என்றால் இடம், 'நில்' என்றால் ஓட்டம்.

"மே பன்னெண்டு! புது வண்டி, புதுத் தோல், இதமான வெயில்! உனக்குச் சரியா?"

மூச்சு. பிறகு நீண்ட பெருமூச்சு.

பவியா தொய்ந்து உட்கார்ந்தான். இனி எந்த மாதம் மிச்சம்?

என்னே அந்த ஊரின் அறிவு! தேதி குறிக்கக் கடைக்காரர் வாய் திறந்தார். தையற்காரி வாய் திறந்தாள். பெட்டைநாயும் தன் பங்குக்குத் தீர்ப்பு வழங்கியது. ஆனால் 'அம்மா, உனக்கு எந்த நாள் தோது?' என்று அந்தப் பெண்ணைக் கேட்கும் நாகரிகம் எவனுக்கும் உதிக்கவில்லை! குறிப்பவன் ஆண், இசைபவள் பெண் என்னும் சட்டத்தை எந்த மன்றம் இயற்றியது? எந்த மன்னன் முத்திரையிட்டான்?

அந்தக் கேள்வி மே மாதக் கடைசியில்தான் பவியாவைச் சுட்டது. "போன் வேண்டாம்ணே. நேராப் போய் அவளையே கேக்கறேன்."

"பனி அழுகிப் போச்சுடா, முழுகிடுவே!"

"முழுகினா முழுகறேன். கெளம்பிட்டேன்!"

நாய்கள் விசிறியாய் விரிந்து ஓடின. பனிமேல் நின்ற நீர் முழங்காலை நனைத்தது. பிளவுகளைச் சுற்றிச் சுற்றி, வலம் போக 'இடம்' என்றும் இடம் போக 'வலம்' என்றும் அதட்டி, இருமுறை இடுப்பளவு விழுந்து எழுந்து, அவன் இக்கெராசாக் கரையில் ஏறினான். ஏறிய சற்று நேரத்தில், வந்த வழி பெரும் ஓசையோடு உடைந்து மிதந்து போயிற்று.

நிவியாக்கின் அக்காள் ஆனே நடத்தும் கடையில்தான் அவ்வூர்த் தொலைபேசி. அதனடியில், தெற்கே போகக் கட்டிய மூட்டையின்மேல், நிவியாக் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பவியா சொட்டச் சொட்ட நின்றான். "நிவியாக், இனி நான் தேதி சொல்ல மாட்டேன். நீ சொல்ற நாள்தான். பனி போச்சு, அடுத்த குளிர்காலமானாலும் காத்திருக்கேன். என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் திரும்பினாள். அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். பிறகு இரண்டு புருவங்களும் நெற்றியின் நடுவரை எழும்பின.

பவியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. "இதை நாலு மாசமா ஏன் சொல்லலை?"

காப்பிக் கெட்டிலோடு வந்த ஆனே அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சொல்லலையா? ரிசீவரைக் காதுல வச்சுக்கிட்டு நாலு தடவையும் இதே மாதிரி புருவத்தைத் தூக்கினாளே, நான் இந்த இடத்துல நின்னு பாத்தேன். நீதானே ஒவ்வொரு தடவையும் அவ சரின்ன உடனே தேதியை மாத்தினே!"