உறக்கச் சான்றிதழ்

பனிக்கும் பூமிக்கும் நடுவே நின்று பூக்களைக் காக்கும் ஒரே சக்தி எங்கள் குளிர்காலப் பாதுகாப்புக் குழுதான் என்று கெர்லிண்டே மால்கோ மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். அவளுடைய பதினொரு சாமந்திகள் போன குளிர்காலத்தில் அந்தக் குழுவின் நேரடி மேற்பார்வையில்தான் செத்தன. இத்தனை மரியாதையோடு வேறெந்தச் செடி செத்திருக்கும்?

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ரயில் பாதையோரம் இருந்த நூறு வாடகைத் தோட்டங்களுக்கும் அந்தக் குழுதான் காவல். சாமந்தியின் தண்டு காய்ந்தாலும் வேர் உறங்கும். சருகும் ஊசியிலைக் கிளைகளும் போட்டு மூடி, வசந்தம் வரை தொடாமல் விட வேண்டும். குழுவின் விதி பதினான்கும் அதையே சொல்கிறது. ஆனால், தொடாமல் விட்டிருக்கிறார்களா என்று 'சரிபார்க்க' வேண்டாமா? சனிக்கிழமைதோறும் மூவர் வந்து மூடாக்கை விலக்கச் சொல்லி, மண்ணில் வெப்பமானியைக் குத்தி, படிவம் நிரப்பினார்கள். செடி உறங்குகிறதா? ஆம். துளிர்த்திருக்க வேண்டிய மே மாதத்திலும் பதினொன்றுக்கும் ஆம்.

"நூறு சதவீத உறக்கம்" என்று ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் டீட்ஸே அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கெர்லிண்டேயும் தட்டினாள். வாரந்தோறும் கிளைகளை விலக்கிக் கொடுத்ததும் அதே கைகள்தான். வீடு திரும்பும்வரை அவற்றைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

எருக்குழிக்குப் பின்னால் அவள் ஊன்றி மறந்த பன்னிரண்டாவது செடி மட்டும் பட்டியலில் இல்லை. அது ஏப்ரலில் துளிர்த்தது. 'அனுமதியின்றி விழித்தது' என்று குழு பதிவு செய்தது.

இந்த டிசம்பரின் முதல் சனிக்கிழமை, மூவரும் எருக்குழியருகே வந்து நின்றார்கள்.

"ஃபிராவ் மால்கோ, உங்க பன்னிரண்டாவது செடியும் பட்டியல்ல ஏறிடுச்சு. நல்ல சேதி" என்றார் டீட்ஸே.

"யாருக்கு?"

"செடிக்குத்தான். கிளையைக் கொஞ்சம் விலக்குங்க. பாத்துட்டுப் போயிடறோம்."

"மைனஸ் ஒன்பது டிகிரி, ஹெர் டீட்ஸே."

"அதான் வந்தோம். இந்தக் குளிர்ல வேற யாரு வந்து பாப்பாங்க?"

செயலாளர் ரோஸ்விதா மூக்கை உறிஞ்சினாள். "போன வருஷம் பதினொண்ணும் எவ்ளோ சமத்தா இருந்துச்சு. இது மட்டும் ஏன் அடம்பிடிக்குது?"

"உயிரோட இருக்குல்ல, அதான்."

"அதைத்தானே உறுதி பண்ணணும்ங்கறோம்" என்றார் மூன்றாமவர், வெப்பமானியைத் துடைத்தபடி.

கெர்லிண்டே நகரவில்லை. கையுறையைக் கழற்றிப் படிவத்தை மட்டும் வாங்கினாள். உறக்கத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டாள். கீழே, 'பூச்சித் தாக்குதல்: வகை, எண்ணிக்கை, வரும் காலம்' என்ற இடத்தில் நிதானமாக எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

'குழு. மூன்று. சனிக்கிழமைதோறும்.'