பாறைக்கு நற்சான்றிதழ்

பாறை என்றால் அது பாறைதான். இந்த மகத்தான உண்மையை மனித குலத்துக்கு வழங்கிய பெருமை, ஒடுகத்தூரில் கூடிய 'பாறை உறுதி ஆய்வுக் குழு'வையே சேரும். அதற்கு முன்பு மக்கள் பாறையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலைமேல் ஒரு பழைய குழி. ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்று தன் சாயக் கழிவை அதில் ஊற்றிவைக்க அனுமதி கேட்டிருந்தது. ஊற்றியது கீழே இறங்காது என்று குழு சான்றளித்தால் போதும். குழுத் தலைவர் புகழேந்தி நேரில் சென்று, குழியோரம் துருத்திநின்ற ஒரு பாறையை 'நவீன முறையில்' ஓங்கி உதைத்தார். கால் வீங்கியது. பாறையின் உறுதி நிரூபணமானது.

குழுவின் கடைசி உறுப்பினர் இரம். நிலத்தடி நீரைப் பற்றிப் படித்தவள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே கூச்சப்படுபவள். அந்த மலையில் மேலே ஒரு முழம் மண்; அதன் கீழே பல ஆள் ஆழத்துக்கு மக்கி, வெடித்து, கையில் பிசைந்தால் உதிரும் பாறை. மழைநீர் அந்த வெடிப்புகளில் புகுந்து, தங்கி, நிதானமாக நகர்ந்து, அடிவாரத்துக் கானாற்றில் வெளியே வரும். இது அவளுக்குத் தெரியும்.

"சார், மழை நின்னு எத்தன நாளானாலும் கானாறு ஓடுதே. அந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

"கானாறு அதோட டூட்டிய பாக்குதும்மா. நாம நம்ம டூட்டிய பாப்போம்."

கேள்வி 'அன்புடன்' நிராகரிக்கப்பட்டது.

சான்றிதழில் கையெழுத்திடக் குழு கூடிய அன்று, அடிவாரத்துப் பட்டம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மேசைமேல் ஒரு குடத்தை வைத்தாள். உள்ளே தண்ணீர் செம்பழுப்பாக மின்னியது.

"கானாத்து ஊத்துல மொண்டது. மாடுகூட மோந்து பாத்துட்டுப் போய்ட்டுது. எம் புள்ளைங்க இத்தயா குடிக்கிறது? இன்னா பதில் சொல்றீங்க?"

குழு பதறவில்லை; ஆராய்ந்தது.

"செம்மண்ணு," என்றார் ஓர் உறுப்பினர்.

"குடம் துரு புடிச்சிருக்கும்," என்றார் புகழேந்தி.

"பிளாஸ்டிக் குடம்யா!"

கம்பெனியின் சாய மாஸ்டர் ரிச்சர்டும் வந்திருந்தார். தோலுக்கு ஷேடு கொண்டுவருவதில் ஆம்பூரிலேயே பெரிய கை. "அனுமதி வராம நாங்க ஒரு சொட்டுகூட ஊத்தலை சார்," என்றார் சாந்தமாக.

குழு நிம்மதியடைந்தது. ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். பேனா இரமிடம் வந்தது. அவள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்டர் சொல்றது நிஜந்தான். இது அவரோட சாயமா இருக்காது," என்றாள் மெல்ல. "கலரு ரொம்ப மட்டம். ராணிப்பேட்டைக்காரங்களுதா இருக்கும்."

ரிச்சர்ட் எழுந்தேவிட்டார்.

"மட்டமா? இன்னாம்மா பேசுற? ராணிப்பேட்டைக்காரன் தலைகீழா நின்னாலும் இந்த ஷேடு வராது! ஜன்னலாண்ட தூக்கிப் பாரு. அடியில ஒரு செவப்பு ஓடுதே, அதுக்கு நான் எவ்ளோ பேஜார் பட்டேன் தெரியுமா? போன மாசம் ஊத்துனது. முழு மலைக்குள்ள பூந்து வந்தும் வெளுக்கலை! நம்ம சரக்கும்மா! எழுதிக்கோ!"

இரம் எழுதிக்கொண்டாள். அதன்பிறகு அனுமதிக்கு வழியில்லாமல் போயிற்று.

ஆனால் குழு மலையை ஆராயவே இல்லை என்று யாரும் அவதூறு பேச வேண்டாம். மலைக்குள் இறங்கி, ஒவ்வொரு வெடிப்பாகப் பார்த்து, வண்ண அறிக்கையோடு திரும்பிய ஒருவர் அந்த மேசைமேல் குடத்தில் இருந்தார். மற்ற உறுப்பினர்களின் எதிரே மினரல் வாட்டர் இருந்தது.