விசில் ஊத முடியாத ஆட்டங்கள்

அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும், உங்கள் மனைவியின் பல்வலி இந்நேரம் போயிருக்க வேண்டும். நீங்கள் கூரியரில் அனுப்பிய கைபேசி கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. "அக்கா போனதுலேருந்து சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க அத்தான். இதுல நல்ல நல்ல கேம் இருக்கு, ஆடுங்க. பொழுது போறதே தெரியாது" என்று நீங்கள் சொன்னபடியே செய்தேன். பொழுது போவது நன்றாகவே தெரிந்தது. எனவே அந்தக் கைபேசியை இந்தக் கடிதத்தோடு இதே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். கோபம் ஒன்றும் இல்லை. திருப்பி அனுப்புகிறவன் காரணம் சொல்வது முறை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் மிட்டாய் ஆட்டம். ஒரே நிறத்தில் மூன்று மிட்டாய் சேர்ந்தால் வெடிக்கிறது, உடனே உள்ளேயிருந்து ஒருவர் கனத்த குரலில் "அற்புதம்!" என்கிறார். நான் முப்பது வருஷம் கால்பந்து நடுவராக விசில் ஊதியவன். அந்த முப்பது வருஷத்தில் என்னை யாரும் அற்புதம் என்று சொன்னதில்லை. சொன்னவற்றை ஒரு குடும்பக் கடிதத்தில் எழுத முடியாது. ஒருநாள் தும்மும்போது விரல் பட்டு வரிசை வரிசையாக மிட்டாய் வெடித்தது, அதற்கும் அற்புதம். தும்மலுக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் அதை விட்டுவிட்டுப் பண்ணை ஆட்டத்துக்குப் போனேன். ஒரு மாடு கொடுத்தார்கள். தீவனம் தீர்ந்தால் நண்பர்களிடம் கேளுங்கள் என்று ஒரு பொத்தானைக் காட்டினார்கள். அழுத்தினேன். கைபேசியில் எண் இருந்த அத்தனை பேருக்கும் "என் மாடு பசியோடு இருக்கிறது, உடனே உதவுங்கள்" என்று என் பெயரில் போய்விட்டது. அத்தனை பேர் என்றால் நீங்கள், கட்டடத்துக் காவலாளி, எரிவாயு உருளை கொண்டுவருபவர், பல் டாக்டர், அவ்வளவுதான். பல் டாக்டர் மட்டும் பதில் போட்டார்: "அடுத்த வாரம் வாங்க, பாத்துடலாம்." உங்களிடமிருந்து பதில் இல்லை, வேலை இருந்திருக்கும். மாடு என்ன ஆனதோ தெரியாது. அதன் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாமல் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகுதான் நமக்குத் தெரிந்ததை ஆடுவோம் என்று கால்பந்து ஆட்டத்தை இறக்கினேன். அங்கே வந்தது வினை. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் பந்து கிளம்புவதற்கு முன்பே கடைசித் தடுப்பாட்டக்காரனைத் தாண்டிப் போய், பேருந்துக்குக் காத்திருப்பவன் போல நிற்கிறான். பந்து வருகிறது, அடிக்கிறான், ஆட்டத்துக்குள் இருக்கும் அந்த நடுவர் கூசாமல் கோல் கொடுக்கிறார். கை தானாக மேசை இழுப்பறைக்குள் போனது, விசில் தானாக வாய்க்கு வந்தது, ஒரே ஊதுதான். மூன்றாம் மாடி என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. காவலாளி தடியோடு படியேறி ஓடி வந்தார். எதிர் வீட்டுத் தையல்காரம்மா துணி வெட்டும் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார்.

"என்ன சார், திருடனா?"

"இல்லப்பா, ஆஃப்சைடு."

"எந்தப் பக்கமா ஓடினான்?"

கைபேசியைக் காட்டினேன். காவலாளி மூச்சு வாங்கிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து ரீப்ளே பார்த்தார். "இது கோலுதான் சார். பாவம், நல்லா அடிச்சிருக்கான்" என்றார்.

"கண்ண எங்க வச்சிருக்கே? ஒரு முழம் முன்னாடி நிக்கிறான், எனக்கே தெரியுது" என்றார் தையல்காரம்மா.

"வந்துட்டாங்கய்யா, அளவெடுக்க!"

"என் அளவு தப்பாது. போன வாரம் நீ கேட்டைப் பூட்டாம தூங்குனியே, அதைப் பாத்தவளும் நான்தான்."

தீர்ப்புச் சொல்ல நான் கையைத் தூக்கினேன், இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவே இல்லை. மறைப்பானேன், அந்தப் பத்து நிமிடம் வீடு வீடாக இருந்தது. பிறகு அவருக்கு வாசல் வேலை, அந்தம்மாவுக்குப் பள்ளிச் சீருடைகள், போய்விட்டார்கள். மறுநாளும் ஒருமுறை ஊதிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. பழகிவிட்டது போலும்.

கடைசியாக கேரம். எதிரே யாரோ ஒருவர். பெயர் விருந்தாளி, முகத்துக்குப் பதிலாக ஒரு தொப்பி. நன்றாகவே ஆடினார். ஆனால் மாப்பிள்ளை, அந்தக் கண்ணாடிப் பலகையில் தப்பாட்டத்துக்கு வழியே இல்லை. பவுடரைத் தட்டிவிடுகிற சாக்கில் புறங்கையால் ஒரு காயைக் குழியோரம் ஒதுக்க முடியாது. உங்கள் அக்கா ஒதுக்குவாள். நான் கையைத் தூக்கி "ஃபவுல்" என்பேன். "இது வீடுங்க, மைதானம் இல்ல. விசிலை உள்ள வைங்க" என்பாள். உடனே நீங்கள் ஆரம்பிப்பீர்கள்: "அக்கா தொடவே இல்ல அத்தான், காத்துல நகர்ந்துச்சு." ஃபேனே ஓடலையே என்றால், "அப்ப ஜன்னல் காத்து." ஜன்னல் சாத்தியிருக்கும். இருபத்திரண்டு பேரை ஒற்றை விசிலில் நிறுத்தியவன், உங்கள் குடும்பத்து இரண்டு பேரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஜெயித்ததில்லை. இந்த விருந்தாளி அப்படியெல்லாம் இல்லை. கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைத் தூக்க ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவில்லை, பாவி. நான் சிவப்புக் காயைப் போட்டதும் ஆளைக் காணோம். "எதிராளி வெளியேறிவிட்டார், நீங்கள் வென்றீர்கள்" என்று திரையில் பூப்பூவாகக் கொட்டியது. எங்கள் விதிப்படி, ஓர் அணி வரவில்லை என்றால் நடுவர் கால் மணி நேரம் மைதானத்திலேயே காத்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கப் போயிருப்பாரோ என்று கைபேசியை எதிர் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரை அணைந்தது, தட்டினேன். மறுபடி அணைந்தது, மறுபடி தட்டினேன். கால் மணி ஆயிற்று. வரவில்லை.

ஆகவே அந்தக் கைபேசியில் ஆடத் தகுந்த ஆட்டம் ஒன்றுகூட இல்லை என்பது என் தீர்ப்பு. நடுவரின் தீர்ப்பே இறுதியானது. அவள் போன பிறகு நீங்கள் இந்தப் பக்கம் வராததை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலி நாற்காலியைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும்போது, கூடப் பிறந்தவருக்கு எப்படி இருக்கும்! எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. நம் கேரம் பலகையைக்கூடப் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டேன். சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. சிரமப்பட்டு யாரும் வர வேண்டாம். உங்கள் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், மஞ்சள் அட்டைகூட வாங்காமல், நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, பெட்டிக்குள் கைபேசியைத் தேடாதே, அது என்னிடம்தான் இருக்கிறது. நீ கூப்பிட்டால் நான் வேறு எதில் எடுப்பது? காகிதத்தில் சுற்றி வைத்திருப்பது ஸ்ட்ரைக்கர். பலகையை யாருக்கும் கொடுக்கவில்லை. பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் துடைத்து, பவுடர் போட்டு, காய்களையும் அடுக்கிவிட்டேன். ஸ்ட்ரைக்கர் இல்லாமல் அதில் என்னய்யா செய்ய முடியும்? கூரியரில் அனுப்பினால் ஃபவுல். கையோடு கொண்டு வா. நாற்காலியை நினைத்துத் தயங்க வேண்டாம், சாயங்காலம் தையல் வேலை முடிந்ததும் தையல்காரம்மா பேச வந்து அதில் உட்கார்ந்து பழகிவிட்டார். உன் அக்கா மாதிரி காயை ஒதுக்கத் தெரிந்த ஆள் இனி நீ ஒருவன்தான் இருக்கிறாய். வராத அணிக்குக் கால் மணி நேரம்தான் விதி. உனக்கு மட்டும் நீட்டித்திருக்கிறேன். ஃபேனை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டேன்.