மூஞ்சி பாஸ் ஆகாது

'பாஸ் எங்கே' அண்ணாச்சி காவல் நின்ற காலத்தில், தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் பாஸ் இல்லாமல் நுழைந்தது கடல் காற்று ஒன்றுதான். அதையும் அவர் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

தினமும் தான் சல்யூட் அடிக்கும் பெரிய அதிகாரியையே ஒருநாள் கேட்டில் நிறுத்தினார்.

"என்னைத் தெரியலையா?"

"நல்லாத் தெரியும் சார். மூஞ்சி பாஸ் ஆகாது."

அதிகாரி வீட்டுக்குப் போய் பாஸை எடுத்துவந்தார். ஓய்வு பெற்றும் அண்ணாச்சிக்கு அந்தக் குணம் போகவில்லை. மகள் கல்யாணத்தில் பந்தி வாசலில் நின்று, மாப்பிள்ளையின் தாய்மாமனையே பத்திரிகை கொண்டுவரவில்லை என்று வெளியே நிறுத்திவிட்டார். "இது கலியாண வீடா, கப்பல் கேட்டா?" என்று அண்ணாச்சியின் மனைவி வந்து அவரை இழுத்துக்கொண்டு போன பிறகே அந்த மனிதர் இலையில் உட்கார்ந்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கு இரண்டு வருடம் முன்பு நுரையீரலில் புற்றுநோய். மனைவி காலமாகிவிட்டார், மகள் வெளியூரில். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குத் துணை போனது பக்கத்து வீட்டுக்காரனான நான். உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். கவலைப்படுவதிலிருந்து மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இரத்தத்தில் சில வெள்ளை அணுக்கள் காவலர்போல் சுற்றுகின்றன. ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதத்தில் ஒரு துணுக்கை வெளியே காட்டிக்கொண்டிருக்கும். அது அந்நியமாகத் தெரிந்தால் காவலர் அந்தச் செல்லைக் கொன்றுவிடுவர். புற்றுநோய்ச் செல் நம் உடம்பிலேயே பிறந்தது என்பதால் எளிதில் சந்தேகம் வராது. வந்தாலும், 'நம்ம ஆள்தான், விடு' என்று காவலரை அடக்கும் ஒரு சைகையைக் காட்டித் தப்பிவிடும். ஏற்றப்போகும் மருந்து அந்தச் சைகையை மறைத்துவிடும்.

அண்ணாச்சிக்கு நோயைவிட இதுதான் வலித்தது.

"அப்பம் என் ஒடம்புக்குள்ள டூட்டி பாக்கிறவன் மூஞ்சியப் பாத்து விட்டிருக்கான்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் ஐயா."

"மொதல்ல அவன் சீட்டைக் கிழிங்க டாக்டரம்மா!"

மருந்து சொட்டச் சொட்ட, தன் நெஞ்சைக் குனிந்து பார்த்து, "ஏலே, எவனையும் விடாத!" என்று அதட்டுவார். ஊசி குத்த வந்த நர்ஸ் இரண்டடி பின்னால் போனாள்.

மூன்றாவது முறை போனபோது ஆள் வாடியிருந்தார். கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"வயிறு சரியில்லையா அண்ணாச்சி?"

"கத்தாதீரும்வே. அஞ்சு நாளாப் போகுது. இந்த மருந்தால காவக்காரன் நல்ல கொடலையும் அடிப்பான்னு டாக்டரம்மா சொன்னாவல்லா? இப்பம்தான் நம்ம பயலுவ ஒழுங்கா வேல பாக்கானுவ. வீட்டாளையே நிறுத்திக் கேக்கானுவ! சொன்னா மருந்த நிப்பாட்டிருவாவ. வாயத் தொறந்தீரு, அம்புட்டுதான்."

உடனே சொல்லாவிட்டால் குடலில் ஓட்டை விழுந்து உயிருக்கே ஆபத்து என்றும் அதே டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை அண்ணாச்சி காதுக்குள் அனுமதிக்கவில்லை.

உள்ளே போனோம். "வயிற்றுப்போக்கு இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"என்னமோ, ஒண்ணு ரெண்டு."

"ஏழு," என்றேன். "இன்னும் மதியம்கூட ஆகலை."

அன்றே படுக்கவைத்தார்கள். மருந்தை நிறுத்தி, காவலரைத் தணிக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள்.

"துரோகிவே நீரு! நல்லா நின்னவனை சஸ்பெண்ட் பண்ண வச்சிட்டீரு."

அதோடு பேச்சு நின்றது. வீடு திரும்பிய பிறகு, கடற்கரைச் சாலையில் நான் இந்தப் பக்கம் நடந்தால் அவர் அந்தப் பக்கம். எனக்குத் தூக்கம் போயிற்று. குடல் ஆறிவிட்டது, சரி. மருந்து நின்றதால் கட்டி வளர்ந்துவிட்டால்? என் வாய்தானே காரணம்? ஸ்கேன் எடுக்கவும் நான்தான் கூடப் போனேன். காரில் டிரைவர் பக்கத்தில் அவர், பின்னால் நான்.

கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. ஏற்கெனவே ஆளை அடையாளம் கண்டுகொண்ட காவலர்கள், மருந்து நின்ற பிறகும் வேலையை விடவில்லை என்றார் டாக்டரம்மா.

அண்ணாச்சி மெல்ல என் பக்கம் திரும்பினார். "கேட்டீராவே? சஸ்பெண்ட் ஆனவனும் வந்து டூட்டி பாத்திருக்கான். என் ஒடம்புல்லா!"

இப்போது கட்டி இன்னும் சிறுத்து, வளராமல் அடங்கிக் கிடக்கிறது. சாயங்காலம் இருவரும் ஒரே பக்கமாக நடக்கிறோம். அவர் விறுவிறுவென்று முன்னால் போகிறார். எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. மெதுவாகப் போங்கள் என்று நான் ஒருநாளும் சொல்வதில்லை.